பல்சர் டைமிங் அரே: அணியா, தொகையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வேகமாகச் சுழல்வதால் தன் வானொலி அலைகள் நமக்குச் சீரான துடிப்புகளாக வந்துசேரும் விண்மீனே பல்சர். பல பல்சர்களின் துடிப்புகள் வந்துசேரும் நேரத்தை அளந்து, வெளியையே நீட்டிச் சுருக்கும் ஈர்ப்பலைகளைத் தேடும் ஏற்பாடு ‘பல்சர் டைமிங் அரே’. அதற்குத் தமிழில் முன்மொழியப்பட்டுள்ள ‘துடிமீன் நேர அணி’ செவிக்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கும் மாணவர், புணேவுக்கு வடக்கே நாராயண்காவ் அருகில் நிற்கும் ஜி.எம்.ஆர்.டி. என்ற வானொலித் தொலைநோக்கியின் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளையே அந்த ‘அணி’ என்று எண்ணிக்கொள்வார். இப்பெயரிலுள்ள ‘அரே’ அலைவாங்கிகளைக் குறிப்பதன்று. வானெங்கும் சிதறிக் கிடக்கும் துடிமீன்களைக் குறிப்பது. மிகத் தாழ்ந்த அலைவெண்ணுடைய (நானோஹெர்ட்ஸ்) ஈர்ப்பலைகளுக்கான சான்றை இந்திய, ஐரோப்பியக் குழுக்கள் 2023 ஜூனில் வெளியிட்டபோது, அவை ஆராய்ந்த ‘அரே’யில் இருந்தவை 25 துடிமீன்கள்.

இரண்டு பொருளும் ஒரே வாக்கியத்தில் வந்து மோதும் இடமும் உண்டு. ஜி.எம்.ஆர்.டி.யில் அலைவாங்கிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை 300–500 மெகாஹெர்ட்ஸிலும் மற்றொன்றை 1260–1460 மெகாஹெர்ட்ஸிலும் வைத்து, ஒரே நேரத்தில் ஒரே துடிமீனை நோக்குகிறார்கள். விண்மீனிடை வெளியிலுள்ள எலக்ட்ரான்கள் தாழ்ந்த அலைவெண்ணைக் கூடுதலாகத் தாமதப்படுத்துவதால், அந்தத் தாமதத்தை அளந்து கழிப்பதற்கே இந்த ஏற்பாடு. இதை விவரிக்கும்போது ‘அணியைப் பிரித்து அணியை நோக்கினர்’ என்று எழுதினால் எழுதியவருக்கே விளங்காது. எனவே ‘அணி’ என்பதை வகுத்து நிறுத்திய அலைவாங்கிகளுக்கே கொடுத்துவிட்டு, சீரான சுழற்சியுடையவை என்று தேர்ந்து சேர்த்த துடிமீன்களுக்கு, எட்டுத்தொகையில் உள்ள பொருளில், ‘தொகை’ என்பதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

‘டைமிங்’ என்பதற்குச் சொல்லப்பட்ட ‘காலக்கணிப்பு’ எனக்கு உடன்பாடில்லை. சோதிட வாடை ஒருபுறமிருக்க, அது வேலையின் பாதியைத்தான் சொல்கிறது. ஜே1909−3744 என்ற துடிமீன் நொடிக்கு ஏறத்தாழ 339 முறை சுழல்கிறது. இத்தகைய துடிமீன்களின் ஒற்றைத் துடிப்பு பெரும்பாலும் இரைச்சலில் அமிழ்ந்துவிடும் என்பதால், பதிவான தரவைச் சுழற்சிக்கால அளவுள்ள துண்டுகளாக்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுகிறார்கள். அப்போதுதான் துடிப்பின் வடிவம் மேலெழும். அது வந்துசேர்ந்த நேரத்தை அளப்பதும், கணக்கு முன்கூட்டிச் சொன்ன நேரத்தோடு ஒப்பிடுவதும் சேர்ந்ததே டைமிங். வந்த நேரத்தை ‘வருநேரம்’ என்றால் அந்த வேலை ‘வருநேர அளவீடு’ ஆகும். ஒப்பீட்டில் மிஞ்சும் வேறுபாடு ‘வருநேர எச்சம்’ ஆகும். ‘எச்சம்’ பறவையை நினைவூட்டும் என்பார்கள். அண்டப் பின்னணிக் கதிர்வீச்சைக் கண்டறிந்த பென்சியாசும் வில்சனும், இரைச்சலுக்குக் காரணம் தேடித் தம் அலைவாங்கியிலிருந்து புறா எச்சத்தைத் துடைத்த கதையை அறிந்தவர்கள் சிரிக்கட்டும். இலக்கணத்தில் பெயரெச்சம், வினையெச்சம் படித்தவர்களுக்கு அச்சொல் புதிதன்று.

துடிமீன் துடிப்பதில்லை, சுழல்கிறது என்ற மறுப்பு சரியே. ஆயினும் நமக்கு வந்து சேருவது துடிப்புதான் என்பதால் அப்பெயரை மாற்ற வேண்டியதில்லை.

ஆக, நான் முன்வைப்பது ‘துடிமீன் வருநேரத் தொகை’. ‘தொகை’ என்றவுடன் பணம் நினைவுக்கு வருவதே இதிலுள்ள குறை. ‘தொகுதி’ என்றால் தேர்தல் வந்துவிடுகிறது. இரண்டையும் தவிர்க்கும் சொல் யாரிடமாவது இருந்தால் என் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.