புதுப்பிப்பு: மகளின் கை ஆட்டத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது

போன மாதம் எழுதியிருந்தேன்: ஒன்பது வயது மகளுக்கு வலது கையும் முகமும் தானாக இழுக்கின்றன, டம்ளர் நழுவுகிறது, பள்ளியில் சேட்டை என்கிறார்கள், முதலில் பார்த்த டாக்டர் 'டிக்ஸ்' (திரும்பத் திரும்ப வரும் சின்னச் சின்ன இழுப்பு) என்றார் என்று.

டிக்ஸ் இல்லை. சிடன்ஹாம் கொரியா: ஸ்ட்ரெப் என்ற கிருமியால் தொண்டைத் தொற்று வந்தபின் சில குழந்தைகளுக்கு கை, கால், முகம் தானாக ஆடும் நோய். இதய வால்வையும் பாதிக்கலாம்.

குழந்தை நரம்பியல் டாக்டர் ரத்தம் எடுக்கும் முன்பே பாதி கண்டுபிடித்துவிட்டார். "என் ரெண்டு விரலை இறுக்கிப் பிடி கண்ணு" என்றார். பிடி இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது, பால் கறப்பது போல. நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டிய வேகத்தில் உள்ளே போய்விட்டது. டிக்ஸ் என்றால் கொஞ்ச நேரமாவது அடக்க முடியுமாம். இவளால் முடியவில்லை. அப்புறம்தான் கேட்டார்: "ரெண்டு மூணு மாசம் முன்னாடி தொண்டை வலி வந்துச்சா?" வந்தது. கஷாயத்தோடு விட்டது நான்தான்.

அந்தக் கிருமி வந்துபோனதைக் காட்டும் ஏஎஸ்ஓ என்ற ரத்தப் பரிசோதனை நார்மல்! தொண்டைத் தொற்று ஆறிப் பல வாரம் கழித்துத்தான் கொரியா வரும். அதற்குள் அந்த அளவு இறங்கியிருக்கலாம். அதை வைத்துத் தள்ளிவிடக் கூடாதாம். உடம்பில் தாமிரம் சேரும் வில்சன் நோயோ என்று ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தையும் கண்ணையும் பார்த்தார்கள், சரியாகவே இருந்தது. ஆனால் எக்கோவில் (இதய ஸ்கேன்) மைட்ரல் என்ற இதய வால்வில் லேசான கசிவு. ஸ்டெதஸ்கோப்பில் கேட்காத கசிவு.

இப்போது ஆட்டத்தை அடக்க வால்ப்ரோயேட் என்ற மருந்து, கூடவே அந்தத் தொற்று மறுபடி வராமலிருக்க 21 நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி. ஊசி பல வருஷம் போகும். நேற்று இரவு ரசம் சாதத்தை அவளே பிசைந்து சாப்பிட்டாள். பாதி தரையில்தான்.