ஸ்ட்ரோக்குக்குப் பிறகு சாப்பிட, உடுத்த, குளிக்க: ஓ.டி. (ஓக்குபேஷனல் தெரபி) என்ன செய்யும்?

ஜெலுத்தோங்வாசி:
அப்பாவுக்கு 58 வயது. ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வார்டிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. பிசியோ புண்ணியத்தில் கைத்தடியோடு நாலு எட்டு வைக்கிறார். ஆனால் ஊட்டுவது, சட்டை மாட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் அம்மாதான். இடது கையால் சாப்பிடச் சொன்னால் தட்டைத் தள்ளிவிடுகிறார். பல் துலக்கப் பிரஷைக் கொடுத்தால் அதை வைத்துத் தலை சீவுகிறார். அம்மா அதைப் பிடிவாதம் என்கிறார். வீடு பழைய ஃபிளாட். குந்தும் கழிப்பறை, குளியலறை வாசலில் ஒரு தடுப்புக் கட்டு. டாக்டர் ஓக்குபேஷனல் தெரபிக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். பிசியோ இருக்கும்போது இது தனியாக எதற்கு? தேதி கிடைக்கும்வரை வீட்டில் என்ன செய்யலாம்?

கைவேலை:
முதலில் அந்தப் பிரஷ் விஷயம். அது பிடிவாதம் இல்லை என்று அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வலது பக்கம் விழுந்தால் அடி பட்டது மூளையின் இடது பாதியில். பேச்சு, பொருளைக் கையாளும் வரிசை இரண்டும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். கையில் பலம் இருந்தும் 'இதை வைத்து என்ன செய்வது' என்ற வரிசை குழம்பிப்போகும். அதற்கு அப்ராக்ஸியா என்று பெயர். ஓ.டி. பார்க்கும்போது இதைத் தனியாகச் சோதிப்பார்கள். பிசியோ காலையும் நடையையும் பார்க்கும். பிரஷை எடுத்து, பேஸ்ட் வைத்து, வாய்க்குக் கொண்டுபோகும் வேலை ஓ.டி.யின் பக்கம்.

இப்படிப்பட்டவருக்கு வாயால் விளக்க விளக்கக் குழப்பம் கூடும். சீப்பு, ஷேவர் எல்லாவற்றையும் கண்ணில் படாமல் எடுத்துவிட்டு, பேஸ்ட் வைத்த பிரஷை மட்டும் கொடுங்கள். பின்னால் நின்று அவர் கைமேல் உங்கள் கையை வைத்து வாய்வரை கொண்டுபோய் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். சிலருக்கு அங்கிருந்து கை தானே ஓடும். தினமும் அதே இடம், அதே நேரம், அதே வரிசை. மாற்றினால் மறுபடி முதலிலிருந்துதான்.

சட்டைக்கு விதி ஒன்றுதான்: விழுந்த கை முதலில் உள்ளே போகும், கடைசியில் வெளியே வரும். சாய்மானம் உள்ள நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் பதிய உட்கார வையுங்கள். பலரும் வலது கையை முழங்கைவரை நுழைத்துவிட்டு இடது கைக்குத் தாவிவிடுகிறார்கள். சட்டை முதுகில் சிக்கி, ஆள் கோபப்பட்டு, அம்மா வந்து மாட்டிவிடுவதில் முடியும். தோள்வரை ஏற்றிவிட்டுத்தான் அடுத்த கை. கற்றுக்கொடுப்பதைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். எல்லாம் நீங்கள் மாட்டிவிட்டு, முன்பக்கத்தைக் கீழே இழுப்பதை மட்டும் அவருக்கு விடுங்கள். அது பழகியதும் அதற்கு முந்தைய படி. ஒவ்வொரு தடவையும் முடித்த கை அவருடையதாக இருக்கும்.

கைலியை இப்போதைக்கு மறந்துவிடலாம். மடித்துச் செருக இரண்டு கை வேண்டும், நடக்கும்போது காலிலும் சிக்கும். விட மாட்டேன் என்றால் இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுங்கள்.

சாப்பாடு கொஞ்சம் நுணுக்கமானது. கழுவுகிற கையால் சோற்றைத் தொடுவதா என்பதுதான் பெரும்பாலும் உள்ளே இருக்கும் குறுகுறுப்பு. வற்புறுத்தாமல் இடது கையில் கரண்டியைக் கொடுங்கள். விரல் சோற்றில் படாது. விளிம்பு உயர்ந்த தட்டு, அதன் அடியில் ஈரத்துணி அல்லது ரப்பர் வலை மேட். இல்லாவிட்டால் தட்டு மேசை முழுக்க ஓடும். வலது கை மடியில் தொங்க வேண்டாம், தட்டுப் பக்கத்தில் மேசைமேல் இருக்கட்டும். ரசம் சோறு பிறகு, முதலில் கெட்டியாகப் பிசைந்த சாம்பார் சோறு. சாப்பிடும்போதோ குடிக்கும்போதோ இருமினாலும் குரல் கரகரத்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவமனையில் சொல்லுங்கள். அது விழுங்கும் சிக்கல், ஸ்பீச் தெரபிஸ்ட் பார்க்க வேண்டியது.

ஆணியும் சுவரும்:
குளியலறைக்கு நான் வருகிறேன். கடையில் வெற்றிடத்தில் ஒட்டும் கைப்பிடி விற்கிறார்கள், வாங்காதீர்கள். ஓடுகளின் இணைப்புக் கோட்டில் காற்று புகும், ஈரத்தில் பிடி விடும், அதுவும் ஆள் முழு எடையைக் கொடுக்கும் நேரம் பார்த்து. துண்டு போடும் கம்பியும் அப்படித்தான். 32 முதல் 38 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஸ்டீல் பிடி, சுவருக்கும் பிடிக்கும் நடுவே சுமார் 4 சென்டிமீட்டர் இடைவெளி. திருகாணி ஓடுகளைத் தாண்டிச் செங்கல்வரை போக வேண்டும். ஓட்டிலும் பூச்சிலும் மட்டும் பிடித்திருந்தால் ஒரு நாள் ஓட்டோடு பெயர்ந்து கையில் வரும்.

பலரும் கோட்டைவிடுவது பிடியை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான். அப்பாவுக்கு இடது கை நல்ல கை. உள்ளே போகும்போது இடப்பக்கம் இருக்கும் பிடி, வெளியே வரும்போது வலப்பக்கம் ஆகிவிடும். ஆகவே வாசலின் இரண்டு பக்கமும் செங்குத்தாக ஒவ்வொன்று. கட்டைத் தாண்டி இறங்கும்போது விழுந்த கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில்.

குந்தும் கழிப்பறைக்கு மேல் துளையுள்ள கொமோட் நாற்காலி போடலாம். ஆனால் பழைய ஃபிளாட்டில் பீங்கான் மேடைமேல் இருக்கும்; பின்கால் மேடையில், முன்கால் தரையில். காலைத் தனித்தனியாக உயரம் மாற்றக்கூடிய நாற்காலி வேண்டும், சக்கரம் கூடவே கூடாது. மேடை உயரம் அந்த ஏற்ற இறக்கத்தைவிட அதிகம் என்றால் நாற்காலி கவிழும். அப்போது உட்காரும் கழிப்பறையாக மாற்றிக் கட்டுவதுதான் வழி. இருக்கை உயரம் அப்பாவின் முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை உள்ள அளவு. குளிக்கப் பிளாஸ்டிக் முக்காலி வேண்டாம், ரப்பர் அடியுள்ள ஷவர் நாற்காலி வாங்குங்கள். ஹீட்டர் தண்ணீரை இடது கையால் தொட்டுப் பார்க்கட்டும். வலப்பக்கம் சூடு சரியாகத் தெரியாமல் இருக்கலாம்.

ஜெலுத்தோங்வாசி:
நன்றி அண்ணே. வலது கைக்குப் பந்து அமுக்கச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டில், சரியா? அம்மா அந்தக் கையைப் பிடித்துத்தான் அவரைத் தூக்கி நிறுத்துகிறார்.

சுங்கைபாக்காப்அக்கா:
தங்கச்சி, தூக்குவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். தோளைப் பிடித்துவைக்கும் தசை தளர்ந்திருக்கும்போது கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு கீழே இறங்கும். அப்புறம் வலி, வலி வந்தால் கைப் பயிற்சியே நின்றுபோகும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் அதே கதைதான். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். அவர் நாற்காலி நுனிக்கு வந்து, பாதத்தைப் பின்னால் இழுத்து, முன்னால் குனிந்து எழட்டும். உட்காரும்போது அந்தக் கைக்கு அடியில் தலையணை.

பந்து வேண்டாம் என்பதுதான் என் கருத்து. விரல் ஏற்கெனவே மடங்கப் பார்க்கிறது, நமக்கு வேண்டியது திறப்பது. மேசைமேல் துண்டை விரித்து உள்ளங்கையால் முன்னே தள்ளுவது, டின்னைப் பிடித்துப் பிறகு விடுவது, அதில் 'விடுவது'தான் பயிற்சி. பிடி கொஞ்சம் வந்ததும் கரண்டிக் காம்பில் ஏர்கான் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோமை வெட்டி மாட்டுங்கள். தடித்த காம்பைப் பிடிக்க விரல் குறைவாக மடங்கினால் போதும். ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கும்.

நல்ல கையைக் கட்டிப்போட்டு விழுந்த கையை வேலை வாங்கும் முறை ஒன்று உண்டு என்று யூடியூப் பார்த்து யாராவது சொல்வார்கள். மணிக்கட்டு சுமார் 20 டிகிரி, விரல்கள் 10 டிகிரியாவது தானே நிமிர்ந்தால்தான் அது பொருந்தும். மூல முறையில் 2 வாரம், நாளுக்கு 6 மணி நேரம்வரை பயிற்சி. அசைவே இல்லாத கைக்குச் செய்தால் இருக்கிற நல்ல கையையும் முடக்கியதுபோல் ஆகும். தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும்.

அரசு மருத்துவமனையில் 'பெமுலிஹான் சாரா கெர்ஜா' என்று எழுதிய இடத்தைத் தேடுங்கள், ஓ.டி.க்கு மலாயில் அதுதான் பெயர். அப்பா சொக்சோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டிவந்தவர் என்றால் மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டத்தையும் கேளுங்கள், 2007 முதல் நடக்கிறது.

கைவேலை:
முதல் சந்திப்புக்குப் போகும்போது குளியலறை வாசலின் அகலம் (கதவைத் திறந்துவைத்து அளந்தது), கட்டின் உயரம், கட்டில் உயரம், கழிப்பறைப் படம், அவர் வழக்கமாகப் போடும் சட்டை ஒன்று எல்லாம் கொண்டுபோங்கள். அன்றாட வேலைகளில் எவ்வளவு தானே செய்கிறார் என்று பார்த்து, பார்தெல் இன்டெக்ஸ் (Barthel Index) என்று 100 புள்ளிக்கு மதிப்பெண் போடுவார்கள். அம்மா செய்துவிடுவதை 'அவரே செய்கிறார்' என்று சொல்லிவிடாதீர்கள், தேவையான பயிற்சி விட்டுப்போகும். எதை முதலில் தானே செய்ய ஆசைப்படுகிறார் என்று அப்பாவையே கேட்டு வையுங்கள். பேச்சு வராவிட்டால் தட்டு, சட்டை, டவல் மூன்றையும் முன்னால் வைத்துத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.