மலைநாட்டு ஏற்றத்துக்கு ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் சரிவருமா?

டிக்கோயாக்காரன்:
வணக்கம். வீட்டில் ஐந்து பேர், அம்மாவுக்கு முழங்கால் வலி, கண்டி கிளினிக்குக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு போக அவரால் முடிவதில்லை, அதனால் ஒரு கார் எடுப்பதென்று முடிவாகிவிட்டது. கொழும்பில் ஒருவர் 2014 ஃபிட் ஹைபிரிட் (பெற்றோல் இஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது), ஜீ.பி.5 மொடல், விற்கிறார். மீட்டரில் 92,000 கிலோமீட்டர். உள்ளே நல்ல விசாலம், பின் சீட்டை மடக்கினால் மரக்கறி மூட்டையே போடலாம். ஆனால் இங்கே யாரிடம் கேட்டாலும் "கியர்பொக்ஸ் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், ஏன் போகும் என்று ஒருவரும் சொல்வதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஏறின விலை, 2025இல் திறந்த பிறகும் எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இல்லை. பிழையான காரை எடுத்தால் மாற்ற வசதியில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பண்டாரவளை மெக்கானிக்:
தம்பி, ஏன் என்று கேட்டதற்காகவே எழுதுகிறேன். அதில் இருப்பது ஏழு கியர் இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ், கிளச்சைக் காரே தானாகப் பிடித்து விடும், அதுவும் உலர் கிளச், எண்ணெயில் நனைந்து ஓடுவது இல்லை. மெனுவல் காரில் ஹாஃப் கிளச்சில் ஏற்றத்தில் நின்றால் வாசம் வருமே, அதே வேலைதான் உள்ளே நடக்கிறது, ஓட்டுகிறவருக்குத்தான் தெரிவதில்லை. சமதரையில் மெதுவாகப் போகும்போது மோட்டார் பாரத்தை வாங்கிக்கொள்ளும். நீளமான ஏற்றத்தில் ஹைபிரிட் பெட்டரி இறங்கிவிட்டால் கிளச்தான் வழுக்கி வழுக்கி இழுக்க வேண்டும், சூடாகும், வெப்பநிலை எச்சரிக்கை வரும். 2013 செப்டம்பரில் ஜப்பானில் இந்த மொடல் வந்தது, ஒரு வருடத்துக்குள் கம்பெனியே பிழை திருத்துவதற்காகப் பல தடவை திரும்ப அழைத்தது, அதில் கிளச் கட்டுப்பாட்டு மென்பொருளும் உண்டு. ஆகவே சேசி நம்பரை வைத்து அந்தத் திருத்தங்கள் செய்யப்பட்டதா என்று முதலில் பாருங்கள். ஜப்பான் ஏல அறிக்கை கிடைத்தால், அங்கே விற்றபோது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்றும் தெரிந்துவிடும்.

கொழும்பில் ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டாம். நாலு பேரை ஏற்றி, ஏசி போட்டு, கினிகத்தேனை ஏற்றத்தில் நாலைந்து இடத்தில் நிறுத்தி எடுங்கள். அப்புறம் ஏற்றத்திலேயே ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள், உதறினால் விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர் ஸ்கேன் அதற்குப் பிறகுதான், முதலிலேயே போட்டால் விற்கிறவர் அழித்து வைத்த பிழைக் கோட் ஒன்றும் தெரியாது.

மஸ்கெலியா ஃபிட்:
நான் ஆறு வருடமாக இதே கார் வைத்திருக்கிறேன். ஒரு தடவை நின்றது, அது என் பிழை. சிவனொளிபாதமலை சீசன், போயா நாள், நல்லதண்ணி ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு மணித்தியாலம், பின்னால் உருளாமல் இருக்க பிரேக்கை மிதிக்காமல் எக்ஸிலேட்டரிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். எச்சரிக்கை வந்தது, ஓரம் கட்டி அரை மணித்தியாலம் தேநீர் குடித்தேன், சரியாகிவிட்டது. இப்போது முன்னால் இடைவெளி விட்டு, ஒரேயடியாக எடுத்து ஓடுகிறேன். பின்னால் உள்ளவன் ஹோர்ன் அடிப்பான், அடிக்கட்டும்.

நுவரெலியா குளிர்:
என்னிடம் இருப்பது டொயோட்டா அக்வா, அதுவும் ஹைபிரிட்தான். ஏற்றத்தில் சத்தம் போடும், வேகமும் பெரிதாக இல்லை, ஆனால் அதில் வழுக்குவதற்குக் கிளச்சே இல்லை. றம்பொடை இறக்கத்தில், இறக்கத்துக்கென்றே உள்ள பி கியரைப் போட்டால் இஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிரேக் கருகுவதில்லை. பின் சீட்டுப் பக்கம் பெட்டரி ஃபேன் வாய் ஒன்று இருக்கிறது, நான் அதன் மேலேயே சாக்கு போட்டு வைத்திருந்தேன், ஃபில்டரைக் கழற்றினால் பஞ்சு மெத்தை மாதிரி தூசி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்யுங்கள், எந்த ஹைபிரிட் எடுத்தாலும். ஐந்து பேருக்குக் கொஞ்சம் நெருக்கம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பண்டாரவளை மெக்கானிக்:
அக்வா பார்த்தால் பிரேக் பூஸ்டரைக் கவனியுங்கள். மிதிக்காமலே பம்ப் அடிக்கடி ஓடும் சத்தம் கேட்டால் பெரிய செலவு. அப்புறம் எந்தக் காராக இருந்தாலும் இஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்கிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், குளிர்ந்த இஞ்சினைத்தான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும். சி.ஆர். என்கிற வாகனப் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பெனி பேர் இருக்கிறதா, கடன் பாக்கி உண்டா என்றும் பாருங்கள்.

டிக்கோயாக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே. இன்று காலையில் விற்கிறவருக்கு அழைத்து கினிகத்தேனைக்குக் கொண்டுவரச் சொன்னேன். "அவ்வளவு தூரம் எதற்கு, அவிசாவளையிலேயே ஓட்டிப் பாருங்கள்" என்கிறார், அது ஏற்றத்துக்கு முன்னாலேயே இருக்கிற ஊர். பெற்றோல் காசு நான் தருகிறேன் என்று சொல்லியும் இன்னும் பதில் இல்லை. நுவரெலியா அண்ணே, அந்த அக்வாவை விற்கிற எண்ணம் ஏதும் இருக்கிறதா?