வெள்ள நேரத்தில் பொம்பா (தீயணைப்பு, மீட்புப் படை) ஆட்களுக்கும் பழைய ராணுவக்காரர்களுக்கும் நாம் என்ன செய்யலாம்?

லாபிஸ் தம்பி:
வணக்கம். நாங்கள் மலேசியா, ஜொகூர் மாநிலத்தில் லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் இளைஞர் குழு, 14 பேர். 2023 மார்ச் வெள்ளத்தில் 200 பொட்டலம் புளிச்சோறு கட்டி நிவாரண மையத்துக்குக் கொண்டு போனோம். அங்கே ஏற்கெனவே சாப்பாடு குவிந்து கிடந்தது, எங்களுடையதில் பாதி கெட்டுப்போனது. திரும்பி வரும் வழியில் பார்த்தால், படகை லோரியில் ஏற்றிய பொம்பா ஆட்கள் ஈரச் சட்டையோடு நின்றபடியே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் லயத்துக் கடைசி வீட்டுத் தாத்தா பழைய ராணுவக்காரர். அன்று ராத்திரி கயிறு கட்டிப் பிள்ளைகளைக் கரை சேர்த்தவர் அவர்தான். தண்ணீர் வடிந்த பிறகு தன் வீட்டுச் சேற்றைத் தனியாளாக வாரிக்கொண்டிருந்தார். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. அடுத்த மழைக்கு முன்னாடியே இவர்களுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?

செகாமட் அக்கா:
தம்பி, என் வீட்டுக்காரர் பொம்பா. அந்த வெள்ளத்தில் நான்கு நாள் வீட்டுக்கு வரவில்லை. அவர் யார் வீட்டுப் பாட்டியையோ முதுகில் தூக்கிக்கொண்டிருந்தார், இங்கே எங்கள் வீட்டில் முட்டிவரை தண்ணீர். நானும் பிள்ளைகளும் அரிசி மூட்டையை மேசைமேல் ஏற்றிவிட்டோம், பிரிட்ஜைத் தூக்க முடியவில்லை, போயே போய்விட்டது. அதனால் உங்கள் ஊரில் பொம்பா, போலீஸ், ஆம்புலன்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் வீடு எது எதுவென்று இப்போதே எழுதி வையுங்கள். இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் நாலு பேர் போய் அந்த வீட்டுச் சாமான்களைத் தூக்கி வைத்துவிட்டு வாருங்கள். வீடு பத்திரம் என்று ஒரு வாட்ஸ்அப் வந்தால் போதும், அங்கே அவருக்கு வேலை ஓடும்.

சாப்பாடு கொடுப்பதென்றால் தண்ணீர் ஓரத்துக்குப் போகாதீர்கள், பாலாயில் (பொம்பா நிலையத்தில்) கேட்டுக் கொடுங்கள். மலாய்க்காரர்கள் அதிகம், கோயிலில் சமைத்ததைச் சாப்பிடத் தயங்கலாம், நீங்கள் மனசு நோகக் கூடாது. மலாய்க்கார மக்சிக் கடையில் நாசி (சோறு) பொட்டலம் சொல்லிவிட்டுக் காசை நீங்கள் கட்டுங்கள். அப்புறம், காய்ந்த காலுறை. இவர் வந்து பூட்ஸைக் கழற்றியபோது பாதம் முழுக்க வெள்ளையாக ஊறி, தோல் உரிந்து கிடந்தது. அன்றிலிருந்து பையில் ஆறு ஜோடி வைத்து அனுப்புகிறேன்.

யோங் பெங் அண்ணன்:
நான் ஏபிஎம் என்கிற பொதுத் தற்காப்புப் படையில் தொண்டர். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரும் சொந்தமாகச் சம்பான் (சிறு படகு) எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். 2018 அக்டோபரில் பூச்சோங் பக்கம் பழைய சுரங்கக் குட்டையில் விழுந்த பையனைத் தேடி இறங்கிய பொம்பா முக்குளிப்பாளர்கள் 6 பேர் நீர்ச்சுழலில் இறந்தார்கள். பயிற்சி எடுத்தவர்கள் அவர்கள். இறங்கித்தான் உதவணும் என்றால் ஏபிஎம்மில் பதிந்து பயிற்சி எடுங்கள், பக்கத்து ஊரில் பொம்பா சுகாரெலா (தொண்டூழியத் தீயணைப்புக் குழு) இருந்தால் அதிலும் சேரலாம். இல்லையா, நிவாரண மையத்தில் நம் பாட்டிகளுக்கு மலாயில் பேசிக் கொடுக்கவே ஆள் போதவில்லை, அதற்கு வாருங்கள்.

சேற்றைக் காய்வதற்குள் வழித்துவிடுங்கள், காய்ந்தால் சிமெண்டுதான். எலி மூத்திரம் கலந்த தண்ணீர், காலில் சின்னக் கீறல் போதும், நோய் தொற்றிவிடும், அதனால் பூட்ஸ், கையுறை கட்டாயம். பிறகு காய்ச்சல் வந்தால் வெள்ளத்தில் இறங்கினேன் என்று கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள்.

பழைய சிப்பாய்:
அந்தத் தாத்தாவுக்குப் பென்ஷன் வருகிறதா என்று பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். 21 வருஷம் முடிக்காமல் வெளியே வந்த சிப்பாய்க்குப் பொதுவாகப் பென்ஷன் கிடையாது. என்னோடு இருந்தவர்கள் பலர் ஜாகா (காவலாளி) வேலைக்குத்தான் போனார்கள். அப்படிப்பட்டவர்களுக்கும் ஜேஎச்இவி என்கிற முன்னாள் வீரர்கள் துறையில் உதவி உண்டு, ஆனால் போனில் தட்டி விண்ணப்பிக்க எங்கள் வயசில் கண்ணும் விரலும் ஒத்துழைப்பதில்லை, கேட்கக் கூச்சம் வேறு. ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். படையிலிருந்து விலகியபோது கொடுத்த தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள், என்னுடையது ஒரு வெள்ளத்தில் கூழாகிவிட்டது. பாவம் என்று மட்டும் அவரைப் பார்க்காதீர்கள். கயிறு கட்டத் தெரிந்த மனுஷன், உங்களுக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள்.

லாபிஸ் தம்பி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் தாத்தா வீட்டுக்கு மூன்று பேர் போனோம். தாள்களை எடுத்துக் காட்டினார், ஓரமெல்லாம் சேற்றுக் கறை. ஞாயிறு காலை ஏழரைக்கு எல்லோரையும் கோயில் திடலுக்கு வரச் சொல்லியிருக்கிறார். கயிறு நாங்கள் வாங்க வேண்டுமாம், மெல்லிசு வேண்டாம், ஆளை இழுக்கும்போது கையை அறுத்துவிடும் என்றார்.