உபுண்டுவில் தமிழ்99-க்கு மாறினாலும் ஆங்கிலமே விழுகிறது: உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். தென்காசியில் தட்டச்சு மையம் வைத்திருக்கிறேன். கணினியில் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்), க்னோம் 42 (அதன் திரைச்சூழல்), வேலேண்ட் (சாளரங்களைத் திரையில் காட்டும் அமைப்பு). ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக ஆங்கிலம், தமிழ்99 விசைப்பலகை (எம்17என் தொகுப்பிலுள்ளது), இந்தி இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை மூன்றும் வைத்திருக்கிறேன்.

பொங்கலுக்குப் பிறகு புதுப்பித்ததிலிருந்து இந்தத் தொல்லை. சூப்பர் + ஸ்பேஸ் அழுத்தினால் மேல்பட்டையில் தமிழ் என்றுதான் காட்டுகிறது. ஆனால் 'அம்மா' என்று அடித்தால் ஏ, கே, கே, க்யூ என ஆங்கில எழுத்துகளே விழுகின்றன. வேறு சாளரத்தைச் சொடுக்கிவிட்டுத் திரும்பி வந்தால் தமிழ் வருகிறது. எழுதும் செயலியில்தான் இது அதிகம். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) ஒருமுறைகூட வந்ததில்லை. பத்திரம், மனு என்று ஒரே பக்கத்தில் இரு மொழியும் மாறி மாறி வரும் வேலை என்பதால் கை ஓடவே மாட்டேன் என்கிறது.

ஐபஸ்ஸை மறுதொடக்கம் செய்தேன். தமிழ்99-ஐ நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தேன். உள்ளீட்டு மென்பொருளைத் தேர்வு செய்யும் இம்-கான்ஃபிக்கில் ஐபஸ்தான் தேர்வாகியிருக்கிறது. எல்லாச் சாளரத்துக்கும் ஒரே உள்ளீடு என்ற அமைப்பையும் சரிபார்த்தேன். புதுப் பயனர் கணக்கிலும் இதே கதைதான். வேலேண்டுக்குப் பதில் பழைய திரை அமைப்பான எக்ஸ்ஆர்க்கில் நுழைந்தால் சிக்கலே இல்லை. ஆனால் என் இரண்டு திரைகளும் வெவ்வேறு அளவு. அங்கே ஒன்றில் எழுத்து சரியாக இருந்தால் மற்றதில் பொடியாகிவிடுகிறது. வயதான வாடிக்கையாளர்கள் அந்தத் திரையில்தான் பிழை பார்ப்பார்கள், அதனால் அது ஒத்துவராது.

வேலேண்டிலேயே இருந்துகொண்டு, மாறியவுடன் அதே சாளரத்தில் தமிழ் விழ என்ன செய்ய வேண்டும்?