அப்பத்தா பெயரைப் பேத்திக்கு வைத்தபோது: செட்டிநாட்டு அனுபவப் பகிர்வுகள்

தேவகோட்டையிலிருந்து ஒரு தாய்:

எங்கள் மூத்த மகளுக்கு, என் கணவரைப் பெற்ற தாயின் பெயரான உண்ணாமலை என்பதையே வைத்திருக்கிறோம். தலைமகனுக்கு ஐயாவின் (தந்தையைப் பெற்றவரின்) பெயரும் தலைப்பெண்ணுக்கு அப்பத்தாவின் பெயரும் வைப்பது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் வழிவழியாக வரும் வழக்கம் என்றாலும், எங்கள் வயதுக்காரர்களில் பலர் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஆகவே நாங்கள் பெயரைச் சொன்ன அன்றே எதிர்ப்பும் தொடங்கிவிட்டது. பெங்களூரில் இருக்கும் என் நாத்தனார், அங்கே ஒருவர் வாயிலும் இந்தப் பெயர் நுழையாது என்றார். என் அண்ணன், பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் ‘சாப்பிடாமலா வந்தாய்’ என்று கேட்டே அழவைத்துவிடுவார்கள் என்றார். இவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிட முடிந்தது. எல்லோரையும்விடக் கடுமையாக மறுத்தவர், அந்தப் பெயருக்கு உரிய என் மாமியாரேதான்.

“நான் பட்டது போதும் ஆத்தா, பிள்ளைக்கு வேற நல்ல பேராப் பாரு” என்றார். திருவண்ணாமலையில் அண்ணாமலையாருடன் வீற்றிருக்கும் அம்மனின் பெயர் அது என்பதை ஊரே அறியும்; அறிந்திருந்தும், சிறு வயதில் அவர் பந்தியில் உட்கார்ந்த போதெல்லாம் யாராவது ஒருவர் அந்தக் கேலியைச் சொல்லியே தீர்வார்களாம். பெயரைச் சுமந்தவரே வேண்டாம் என்னும்போது, நாம் வற்புறுத்துவது முறைதானா என்று நானும் கணவரும் பலமுறை பேசினோம்.

எங்களை உறுதிப்படுத்தியது ஒரு பித்தளைத் தவலை. பிள்ளையார் நோன்புக்கு முன்னால் இரண்டாங்கட்டு அறையில் இருந்த சாமான்களை இறக்கித் துலக்கிக்கொண்டிருந்தோம். சீராக வந்த பாத்திரங்களில் விலாசமும் (பெயருக்கு முன்னால் வரும் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்) பெயரும் வெட்டுவது எங்கள் பக்கத்து வழக்கமல்லவா; அந்தத் தவலையின் கழுத்தில், புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க, உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய ‘சிகப்பி’ என்ற எழுத்துகள் தெளிந்து வந்தன. “அயித்தை, இது யாரு?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மாமாவிடம் கேட்டோம், தம்முடைய அப்பத்தாவின் மாமியாராக இருக்கலாம் என்றாரே தவிர, அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பெயர் அவருக்குப் பிறகு வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் வைக்கப்படவில்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

ஆண்களின் பெயர்களுக்கு இந்த நிலை வருவதில்லை. கானாடுகாத்தானில் 1881இல் பிறந்து, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் தந்தையும் முத்தையா, 1905இல் பிறந்த அவருடைய மகனும் முத்தையா. அந்தக் குடும்பத்தாரின் பெயருக்கு முன்னால் நிற்கும் எம்.ஏ.எம். என்ற மூன்று எழுத்துகளைப் பார்த்தாலே முத்தையா, அண்ணாமலை, முத்தையா என்று தலைமுறை வரிசை தெரிந்துவிடும். ஆனால் விலாசத்தில் வருபவர்கள் தகப்பனும் பாட்டனும்தாம். ஆத்தாவும் அப்பத்தாவும் அதில் இல்லை. ஒரு பெண்ணின் பெயர் அவருக்குப் பின்னும் அந்த வீட்டில் புழங்க வேண்டுமானால், பேத்தி ஒருத்தி அதை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியே கிடையாது. இதை என் மாமியாரிடம் எடுத்துச் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனையுடன் சம்மதித்தார்: பள்ளியானாலும் வேறெங்கானாலும் பெயரை முழுமையாகவே எழுத வேண்டும், யாரும் அதைக் குறுக்கிக் கூப்பிடக் கூடாது. அவர் எதிரில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால், வீட்டில் மகளை ‘ஆச்சி’ என்றே அழைக்கிறேன். அண்ணன் சொன்ன கேலி பள்ளியில் வரத்தான் செய்தது. அது சாமி பேர் என்று ஆசிரியையிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள் என் மகள்.

பள்ளத்தூரைச் சொந்த ஊராகக் கொண்ட ஒரு தந்தை, சென்னையிலிருந்து:

என் மகனின் பெயர் பெரியகருப்பன். என் அப்பச்சியின், அதாவது என் தந்தையின், பெயர். மேலே சகோதரி எழுதியதைப் போன்ற கேலி அல்ல, வேறு ஒன்று எங்களுக்கு வந்தது, அது இன்னும் வலித்தது. பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் முதலில் அவன் நிறத்தைப் பார்த்தார்கள், பிறகு பெயரைக் கேட்டார்கள், அதன்பின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊருக்குப் போனால் கருப்பர் சன்னதியில் விழுந்து வணங்கிவிட்டுத்தான் திரும்புகிறோம். அந்தக் காவல் தெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் மட்டும் முகம் சுளிக்கிறோம் என்றால், நம் மனத்தில் நிறத்தைப் பற்றி ஊறிப்போயிருக்கும் எண்ணத்தைத்தான் திருத்திக்கொள்ள வேண்டுமே தவிரப் பெயரை அல்ல.

சான்றிதழில் ஒரு புதுப்பெயரும் வீட்டில் கூப்பிட இந்தப் பெயரும் இருக்கட்டும் என்று பலர் சமாதானம் சொன்னார்கள். நான் இசையவில்லை. வீட்டுக்குள் மட்டும் புழங்கும் பெயர், அப்படிக் கூப்பிடும் பெரியவர்கள் இருக்கும்வரைதான் இருக்கும். நாளை என் பேரனுடைய பெயருக்கு முன்னால் ‘பெரி.’ என்ற எழுத்து நிற்க வேண்டுமானால், அது இன்று சான்றிதழில் இருந்தாக வேண்டும்.

கண்டனூரிலிருந்து ஓர் ஆச்சி:

பெயர் வைத்ததை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் இதில் உள்ள சிக்கலையும் இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும். என் கணவருடன் பிறந்தவர்கள் எல்லோரும் தங்கள் மூத்த மகனுக்கு ஐயாவின் பெயரையே வைத்ததால், எங்கள் வளவுக்குள் (பங்காளிகளின் பொது வீட்டுக்குள்) ஒரே நேரத்தில் பல லெட்சுமணன்கள் வளர்ந்தார்கள். கோயம்புத்தூர் லெட்சுமணன், சென்னை லெட்சுமணன், பெரிய வீட்டு லெட்சுமணன் என்று அடையாளம் சொல்லித்தான் இன்றும் பேசிக்கொள்கிறோம். ஒருவருக்கு வந்த கல்யாணப் பத்திரிகை மற்றவர் வீட்டுக்குப் போய், அழைப்பே இல்லை என்று மனத்தாங்கல் வந்ததும் உண்டு.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும் என்றாலும், பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அந்த அவகாசத்தில் பங்காளிகளிடம் கலந்து பேசுங்கள். ஆங்கில எழுத்தில் பெயரை எப்படி எழுதுவது என்பதையும் அப்போதே முடிவுசெய்து, பள்ளிச் சான்றிதழிலும் ஆதார் அட்டையிலும் எழுத்துக்கு எழுத்து அதுவே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு லெட்சுமணன்களில் ஒருவர், இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதியிருந்த காரணத்தால், பாஸ்போர்ட் எடுக்க மாதக்கணக்கில் அலைய வேண்டியதாயிற்று.