‘ரிலேட்டிவ் புரோனவுன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புடையீர்,

தமிழ்வழி மாணவர்களுக்கான ஆங்கில இலக்கணக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ரிலேட்டிவ் கிளாஸ்’ என்பதை, அதாவது ‘தி பாய் ஹூ கேம்’ என்பதில் ‘ஹூ கேம்’ போலப் பெயரை விளக்கும் தொடரை, பெயரெச்சத் தொடர் என்று எழுதிவிட்டேன். அத்தொடரைப் பெயரோடு இணைக்கும் ‘ஹூ’, ‘விச்’ போன்ற ‘ரிலேட்டிவ் புரோனவுன்’களுக்குத்தான் சொல் அகப்படவில்லை. உறவுப் பிரதிப்பெயர் என்றால் மாணவர்கள் மாமன் மைத்துனரைத் தேடுவார்கள். இணைப்புப் பதிற்பெயர் எனலாமா?

*

‘பிரதி’ வடசொல் என்று விலக்கிவிட்டு அரபு வழி வந்த ‘பதி’லைக் கொண்டுவருவதில் என்ன தூய்மை இருக்கிறது? மாற்றுப்பெயர் என்றால் புனைபெயரோடு குழம்பும். அது கிடக்கட்டும், பெயரெச்சத் தொடர் என்பதே எனக்கு உடன்பாடில்லை. ‘வந்த பையன்’ என்பதில் ‘வந்த’ திணை பால் காட்டாது எஞ்சி நிற்கிறது. ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்வரும் அத்தொடரிலோ எழுவாய்க்கேற்ற முற்றுவினை இருக்கிறது. ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள்’ என்ற குறளின் அமைப்பே அதற்கு நெருக்கமானது. ‘எப்பொருள்’ என்பதன் ‘எ’ போல ‘ஹூ’, ‘விச்’ இரண்டும் வினாவை அடியாகக் கொண்டவை. ஆகவே, வினாவடி இணைப்புப்பெயர் என்பதே தகும்.

*

‘ஹூ’வுக்கும் ‘விச்’சுக்கும் அது சரி. அதே வேலையைச் செய்யும் ‘தட்’ சுட்டிலிருந்து பிறந்ததாயிற்றே? மேலும், அதைப் பெயராகவே கொள்ளாத ஆங்கில இலக்கணிகளும் உண்டு.

பெயரை விட, தொடரின் வகைகளுக்குத்தான் நல்ல சொல் வேண்டும். ‘நகரில் வசிக்கும் என் அண்ணன்’ என்பதை ஆங்கிலத்தில் காற்புள்ளியின்றி எழுதினால் அண்ணன்மார் பலருள் ஒருவர். காற்புள்ளியிட்டால் இருப்பவரே ஒருவர், நகரம் கூடுதல் செய்தி. இந்த வேறுபாட்டை நம்மவர்கள் பெயரடையில் என்றோ கண்டுவிட்டார்கள். செந்தாமரை என்பது தன் இனத்ததான வெண்டாமரையை விலக்குகிறது. செஞ்ஞாயிறு எதையும் விலக்கவில்லை. ‘இனச்சுட்டில்லாப் பண்புகொள் பெயர்க்கொடை வழக்கா றல்ல செய்யு ளாறே’ என்று தொல்காப்பியர் பின்னதைச் செய்யுளுக்கு ஒதுக்கினார். நன்னூலார் உலக வழக்கு, செய்யுள் வழக்கு இரண்டிலும் ஏற்றார். இனஞ்சுட்டும் தொடர், இனஞ்சுட்டாத் தொடர் என்று வைத்தால் கடன் வாங்கவே வேண்டாம்.

*

ஒன்பதாம் வகுப்பு மாணவர் ‘இனம்’ என்றதும் சாதியையும் மொழியையும் நினைப்பாரே தவிர, தாமரையை நினைக்கமாட்டார். ‘வரையறுக்கும்’, ‘வரையறுக்காத’ என்பவை போதும்.

*

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மையோர் கருத்துப்படி இணைப்புப் பிரதிப்பெயர், வரையறுக்கும் தொடர் என்றே அனுப்புகிறேன். இனஞ்சுட்டு அடிக்குறிப்பில் இடம்பெறும். பெயரெச்சத் தொடரை மாற்ற நேரமில்லை.

*

‘இணைப்பு’ என்றால் ‘அண்ட்’டையும் ‘பட்’டையும் அதே பட்டியலில் சேர்ப்பார்கள். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.